கோல்கீப்பருக்கு முதல் கிளாஸ்

மேளம் இல்லை சார். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். போன மாதம் இதே பஸ்ஸில் ஒரு அம்மா, "எந்த ஊருக் கோயில் கொடைக்குத் தம்பி போறீக, நையாண்டியா உறுமியா?" என்று கேட்டது. உறுமி என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்ல அன்றைக்கு உடம்பில் தெம்பு இல்லை. அந்த அம்மா இறங்குகிற வரைக்கும் எங்கள் செட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்தது. நானும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இது கோல்கீப்பர் சாமான் சார். ஹாக்கி. காலுக்குக் கட்டுகிற பேடு, பாதத்துக்கு மாட்டுகிற கிக்கர், நெஞ்சுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, ஹெல்மெட். உங்கள் முட்டியில் இடிக்கிறதா? கொஞ்சம் சாய்த்துக்கொள்கிறேன். வாடை வந்தால் ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். துவைக்கிற சாமான் இல்லை, வெயிலில் காயப்போடத்தான் முடியும். ரெண்டு வாரமாகக் கோவில்பட்டியில் வெயிலே இல்லையே, மழைதானே.

நீங்கள் சங்கரன்கோவில் வரைக்குமா? நல்லது. நான் கழுகுமலை தாண்டி, செவல்கிணற்றுக்கு ரோடு பிரிகிற விலக்கில் இறங்குவேன். நேற்று ரெண்டாம் ஷிப்ட் சார், மில்லில் எலெக்ட்ரீஷியன். வீட்டுக்கு வந்து படுக்கப் பன்னிரண்டு, எழுந்தது நாலரை. கண் எரிகிறது. ஆனால் இன்றைக்கு ஆடப் போகவில்லை. முடித்துக்கொள்ளப் போகிறேன். பையில் மேலாக ஒரு ஜெர்சி இருக்கிறது, துவைத்து இஸ்திரி போட்டுப் பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். ஹெல்மெட்டும் அவர்கள் வாங்கிக் கொடுத்தது. ரெண்டையும் கொடுத்துவிட்டு, 'இனிமே வரமாட்டேன்பா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எட்டரை பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

"சட்டையும் தொப்பியும் குடுக்கத்தான போறீக, மூட்டை முழுசையும் எதுக்குத் தூக்கிட்டுப் போறீக?" என்று சண்முகக்கனி கேட்டாள். என் வீட்டுக்காரி. நல்ல கேள்விதான். பழக்கம், வேறென்ன.

எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு ஹாக்கி சார். பெரிய பந்தயம் ஆடுகிறவர்கள் ஒரு பக்கம். எங்களை மாதிரி வேலைக்குப் போகிறவன், கடை வைத்திருக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஆடுகிறவன் இன்னொரு பக்கம். நான் மின்னல் கிளப்பில் பதினேழு வருஷம் நின்றேன். கோல்கீப்பர் ஆடுகிறான் என்று யாரும் சொல்லமாட்டார்கள், கவனித்திருக்கிறீர்களா, நிற்கிறான் என்றுதான் சொல்வார்கள். பதினேழு வருஷம் நின்றேன்.

மின்னலுக்குக் கேப்டன் கொம்பையா அண்ணாச்சி. இரும்புக்கடை. ஆட்டம் முடிந்ததும் கேலரிக்கு அடியில் இருக்கிற ரூமுக்குப் போவோம். அண்ணாச்சி உட்கார்ந்து, ஸ்டிக்கால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். அப்புறம் ஒரு பேர் சொல்வார். பேருக்குரியவன் எழுந்து நிற்க வேண்டும். வேர்வை உலர்கிற வரைக்கும் பேசுவார். "ஏலே, ஒனக்கெல்லாம் பேடு எதுக்குலே? ரெண்டு வாழமட்டையக் கட்டி நிப்பாட்டுனா அது அஞ்சு பந்து தடுக்கும், அதுக்கு டீயும் வாங்கித் தர வேண்டாம்." எல்லோரும் சிரிப்பார்கள். நிற்கிறவனும் சிரிக்க வேண்டும். சிரிக்காதவனை இன்னும் பத்து நிமிஷம் நிற்கவைப்பார். நான் நன்றாகச் சிரிப்பேன் சார். அதனால் எனக்குச் சீக்கிரம் முடிந்துவிடும்.

முதல் ஆட்டத்திலேயே ரெண்டு பேடுக்கும் நடுவில் ஒரு பந்து போய்விட்டது. இருபத்திரண்டு வயது அப்போது. அன்றைக்கு அண்ணாச்சி வைத்த பேர், ஓட்டை. அப்புறம் எத்தனை பந்து தடுத்திருப்பேன். பேர் மாறவில்லை. கல்யாணத்துக்கு மண்டப வாசலில் பத்தடிக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள், 'எங்கள் ஓட்டை இன்று அடைபட்டது' என்று. மாமனார் அதன் முன்னால் நின்று ரொம்ப நேரம் வாசித்தார். வந்து என்னிடம், "மாப்ளைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லயே?" என்று மெதுவாகக் கேட்டார். அதையும் சிரித்துத்தான் சமாளித்தேன்.

அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பிரியத்தில் சொல்வதுதானே. ஆனி மாதம் ஒரு நாள், மகள் தர்ஷிகா, நாலாம் வகுப்பு படிக்கிறாள், ஸ்கூல் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 'என் அப்பா' என்று கட்டுரை. 'என் அப்பாவின் பெயர் சீனிராஜ். அவர் மில்லில் வேலை செய்கிறார். அவருடைய நண்பர்கள் அவரை ஓட்டை என்று அழைப்பார்கள். அவர் சிரிப்பார்.' டீச்சர் கீழே 'நன்று' என்று போட்டுக் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

பிள்ளையின் எழுத்து அச்சு மாதிரி இருந்தது சார். ஒரு பிழை இல்லை.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அண்ணாச்சி என்ன சொன்னாராம் தெரியுமா? "ஓட்டையே போயிட்டா பாத்திரம் நல்லாயிருக்கும்லா, விடுங்கடா" என்றாராம். நல்ல வாய் அவருக்கு. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

முப்பிடாதி என்று ஒருத்தன், மில்லுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறான். செவல்கிணற்றுக்காரன். அவன்தான் கூப்பிட்டான். "எங்க ஊர்ல பத்துப் பேரு இருக்கோம்ணே, கீப்பர் இல்ல. கோல்ல தார் டிரம்ம உருட்டி வச்சித்தான் ஆடுதோம். டிரம்மு நல்லாத்தான் தடுக்கு, ஆனா திருப்பி அடிக்க மாட்டேங்கு." சரி, டிரம்முக்குப் பதிலாகப் போவோம் என்று ஆடி முதல் ஞாயிறு இந்தப் பஸ்ஸில் ஏறினேன்.

அங்கே கேலரி கீலரி கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் செம்மண் தரை. பக்கத்தில் ஒரு பழைய பருத்திக் கிட்டங்கி, எப்போதோ மூட்டை அடுக்கினது, இப்போது காலி. அதற்குள்தான் உடை மாற்றுவது. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து பேடு வாரை இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னங்கால் வார் இருக்கிறதே, அது தனி ஆளுக்கு எட்டாது. பதினேழு வருஷமும் ஒரு கயிற்றை முடிந்து அதைப் பல்லால் கடித்து இழுத்துத்தான் கட்டினேன். அண்ணாச்சி டீமில் கீப்பரின் வாரை இன்னொருத்தன் தொடமாட்டான். இங்கே ரெண்டு பேர் வந்து எனக்குப் பின்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "இறுக்கமா இருக்காண்ணே? ஒரு ஓட்டை தளத்தவா?"

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். வாரில் இருக்கிற ஓட்டையைச் சொல்கிறான் என்பது ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது.

கூச்சமாக இருந்தது சார். மாப்பிள்ளைக்குச் செருப்பு மாட்டிவிடுகிற மாதிரி. அவர்களில் ஒருத்தன் ஃபுல்பேக், கோலுக்கு முன்னால் காவல் நிற்கிறவன். விலக்கிலேயே பஞ்சர் கடை வைத்திருக்கிறான், முப்பது வயது இருக்கும். பேர் எடிசன். நான் கதவு என்றுதான் சொல்வேன். அந்தப் பேர் எப்படி வந்தது என்று பின்னால் சொல்கிறேன், இப்போதைக்குக் கதவு என்றே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் ஞாபகம் வைக்க லேசாக இருக்கும்.

முதல் ஆட்டம். பக்கத்து ஊர் டீம். ஒருத்தன் இடதுபக்கமாக ஓடிவருகிறான். கதவு கத்துகிறான், "சீனிண்ணே, எடது! சீனிண்ணே, எடது!" என்று. எனக்குக் காதில் விழுகிறது. யாரையோ கூப்பிடுகிறான், யாரந்த சீனி என்றுதான் மண்டைக்குள் ஓடுகிறதே தவிர, நான்தான் என்று தோன்றவே இல்லை. ஹாக்கி மைதானத்தில் அந்தப் பேரை யாரும் கூப்பிட்டதில்லையே. நான் திரும்புவதற்குள் பந்து பட்டுக் கோல் பலகை 'டொப்' என்றது. உலகத்திலேயே தன் பேர் தெரியாமல் கோல் விட்ட கீப்பர் நானாகத்தான் இருப்பேன். அப்புறம் இன்னும் ரெண்டு. மூன்று பூஜ்ஜியம்.

கிட்டங்கிக்குள் போய் உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை, நானாகத்தான் நின்றேன். ஒருத்தன், "என்னண்ணே, காலு பிடிச்சிருச்சா?" என்று கேட்டான். இல்லை என்று உட்கார்ந்தேன். சாக்கை விரித்து வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பால் பூத்திலிருந்து தூக்குச்சட்டியில் டீ வந்தது. முப்பிடாதி அதைத் திறந்து, ஒரு கிளாஸ் ஊற்றி, எழுந்து வந்து, ரெண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். அத்தனை பேர் இருக்கிறார்கள், முதல் கிளாஸ் எனக்கு. மூன்று கோல் விட்ட எனக்கு.

நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். வேறென்ன நினைக்க? சிரிக்கத் தயாரானேன். பார்த்தால் ஒருத்தனும் சிரிக்கவில்லை. ஒருத்தன் சாக்ஸைப் பிழிகிறான், ஒருத்தன் நேற்றுப் பெய்த மழையைப் பேசுகிறான். நான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு கிளாஸோடு இருக்கிறேன்.

திரும்பும்போது முப்பிடாதி ஆட்டோவில் கேட்டேன். "அது எங்க வழக்கம்ணே. யாருக்கு அன்னைக்கு ரொம்பத் தப்பிப் போச்சோ, மொத கிளாஸ் அவனுக்கு. ஒண்ணும் சொல்லப்பிடாது. அவன் குடிச்சிட்டாம்னா அது அதோட முடிஞ்சிபோச்சு, வெளிய வந்து ஒருத்தனும் பேசப்பிடாது. அடுத்த வாரம் அவந்தான் ஊத்தணும், அவந்தான் ஆளப் பாத்துக் குடுக்கணும்."

"குடிக்க மாட்டேம்னு சொன்னா?" என்றேன்.

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்து என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்படி யாரும் சொன்னதில்லயேண்ணே."

அடுத்த வாரம் நான் ஊற்றினேன். அதற்கடுத்த வாரம் வேறொருத்தன். நல்ல பிள்ளைகள்தான் சார், குறை சொல்லக் கூடாது. என் பழைய ஹெல்மெட்டில் விரிசல் இருப்பதைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலேயே புதிது வாங்கிவந்து என் பையில் வைத்துவிட்டார்கள். மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் போகவில்லை. ஒன்பது பேர் போன் பண்ணினார்கள், பத்தாவது ஆள் வீட்டுக்கே வந்துவிட்டான், கொய்யாப்பழத்தோடு. வந்தது கதவுதான். தர்ஷிகா சைக்கிளுக்குக் காற்றும் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆனால் பாருங்கள், எனக்கு ஒட்டவில்லை. கோல் விட்டாலும் சரி, தடுத்தாலும் சரி, ஒரே முகம். ஒருத்தன் ஏசினால்தானே நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்? வீட்டுக்கு வந்து படுத்தால் அண்ணாச்சியின் குரல் கேட்கும். 'வாழமட்டை' என்னும். அதைக் கேட்டுவிட்டுத்தான் தூக்கமே வரும். இந்தப் பயல்களுக்கு ஆட்டம் தெரியும், சூடு இல்லை. கொஞ்சம் சூடு ஏற்றிவிடலாம் என்று நானே ஆரம்பித்தேன். அவர்கள் நன்மைக்குத்தான்.

பின்னால் நிற்கிற கீப்பருக்கு மைதானம் மொத்தமும் தெரியும், அதனால் கத்துவது அவன் வேலை. நான் கத்தினேன். முதலில் லேசாக. அப்புறம் எனக்கே வாய் வந்துவிட்டது. பதினேழு வருஷம் கேட்டதெல்லாம் உள்ளே கிடந்திருக்கிறது போல, ஒவ்வொன்றாக வந்தது. வாழைமட்டைகூட வந்தது.

ஐப்பசி கடைசி ஞாயிறு. கழுகுமலை டீமோடு ஆட்டம். ஊர் ஆள்கள் நிறைய வந்திருந்தார்கள். கதவின் சம்சாரமும் கைப்பிள்ளையோடு வந்து வேப்பமரத்தடியில் நின்றது. கல்யாணமான புதிதில் பார்த்ததுதானாம், அப்புறம் அன்றைக்குத்தான் ஆட்டம் பார்க்க வந்திருக்கிறது. அன்றைக்குப் பார்த்துக் கதவுக்கு ஒன்றும் ஓடவில்லை. எங்கள் கோலுக்கு முன்னாலேயே பந்தைக் காலில் வாங்கிவிட்டான். காலில் பட்டால் தப்பு சார், எதிராளிக்குப் பெனால்டி கார்னர். நான் பாய்ந்து தடுத்தேன். அஞ்சு நிமிஷத்தில் மறுபடியும் காலில் வாங்குகிறான்! மறுபடியும் கார்னர், மறுபடியும் நான் தடுத்தேன். எழுந்து நின்று கத்தினேன்.

"ஏலே, நீ ஃபுல்பேக்கா, கல்யாண மண்டபத்துக் கதவாலே? வாரவன் போறவனுக்கெல்லாம் தெறந்துவிடுத! ஏலே கதவு! ஒன்னக் கழட்டி வித்தாக்கூட ஒருத்தனும் வாங்கமாட்டான்லே!"

நல்லா வந்தது இல்லையா? எனக்கே அப்படி வரும் என்று தெரியாது. எதிர் டீம்காரன்கள் கையைத் தட்டிச் சிரித்தார்கள். அப்புறம் ஆட்டம் முழுக்க அவர்களே, "கதவு தெறந்திருக்கு, உள்ள போடா" என்று ஆரம்பித்துவிட்டார்கள். பேர் அப்படி ஒட்டிக்கொண்டது. ஒரு பேர் ஒட்ட வேண்டுமானால் அந்த நிமிஷத்தில் ஒட்ட வேண்டும். கதவின் சம்சாரம்கூடச் சிரித்தது என்று நினைக்கிறேன். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. பாதி ஆட்டத்திலேயே போய்விட்டது. பிள்ளை அழுதிருக்கும்.

ரெண்டு பூஜ்ஜியம். நாங்கள்தான் ஜெயித்தோம். நான் ஒரு கோல்கூட விடவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிட்டங்கிக்கு வந்தோம். டீ வந்தது. முந்தின வாரம் முதல் கிளாஸ் குடித்தது கதவு, அதனால் அன்றைக்கு ஊற்ற வேண்டியதும் கதவு. அவன் மூடியைத் திறந்தான், கிளாஸைக் கழுவினான், ஊற்றினான். தனக்கே எடுத்துக்கொள்வானோ என்றுகூட நினைத்தேன். ரெண்டு கார்னர் கொடுத்திருக்கிறானே. அவன் எழுந்து, நேராக என்னிடம் வந்து, ரெண்டு கையாலும் நீட்டுகிறான்.

எனக்கு! ஒரு கோல் விடாத எனக்கு!

"என்னலே, ஆளு மாத்திக் குடுக்க?" என்றேன். அவன் நீட்டினபடியே நிற்கிறான். "நான் என்னலே தப்புச் செஞ்சேன்? ஒங்காலுதான ரெண்டு தடவ வாங்குச்சு? நாந்தான ரெண்டையும் தடுத்தேன்?" மற்றவர்களைப் பார்த்தேன். யாராவது, 'ஏ, தப்பாக் குடுக்கடா' என்று சொல்வான் என்று பார்த்தேன். முப்பிடாதியைப் பார்த்தேன். அவன் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முன்னாலேயே அவிழ்ந்திருந்த லேஸ்.

கிளாஸை வாங்கித் தரையில் வைத்தேன். குடிக்கவில்லை.

கதவு ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "ஆறிரும்ணே."

நான் பையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பழி வாங்குகிறான் சார், வேறென்ன? ஏசினதற்கு ஏச வேண்டியதுதானே? அண்ணாச்சியாக இருந்தால் நேருக்கு நேர் ஏசியிருப்பார். டீயைக் கொடுத்துப் பழி வாங்குவதை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அதற்கப்புறம்தான் இந்த அலுப்பு. அடுத்த ஞாயிறு டீ வந்தது. நடுவில் தூக்குச்சட்டி இருக்கிறது. ஊற்ற வேண்டியது நான். ஆனால் நான் குடிக்கவில்லையே, குடிக்காதவன் எப்படி ஊற்றுவது? வேறொருத்தன் ஊற்றலாம் என்றால் அவன் முறை இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதே பேச்சு, அதே சாக்ஸ் பிழிதல். "தர்ஷிகாவுக்குப் பரீட்சை முடிஞ்சதாண்ணே?" என்கிறார்கள். என் பேடு வாரை அவிழ்த்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து முப்பிடாதி தூக்கைக் கொண்டுபோய் வேப்பமரத்து மூட்டில் ஊற்றிவிட்டு வந்தான். பதினோரு பேரும் வெறும் வாயோடு வீட்டுக்குப் போனோம். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். போன வாரமும் அப்படித்தான். மூன்று வாரமாக அந்த வேம்புதான் முதல் கிளாஸ் குடிக்கிறது.

நீங்களே சொல்லுங்கள். ஒருத்தன் கோபமாக இருந்தால் கோபத்தைக் காட்ட வேண்டாமா? அந்தக் கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் சேர்ந்த நாளிலிருந்து விலக்கில் பஸ் நிற்கும்போது கடையை விட்டு வந்து நிற்பான். இந்தப் பைக்கு ரெண்டு கைப்பிடி, ஒன்றை அவன் பிடிப்பான், ஒன்றை நான். மைதானத்துக்கு அரை மைல். இந்த மூன்று வாரமும் அப்படியே வந்து நிற்கிறான், அப்படியே பிடிக்கிறான். ஒரு வாரம், "என்ன கதவு, கடை எப்படிப் போகுது?" என்று நானாகத்தான் பேச்சுக் கொடுத்தேன். "போகுதுண்ணே" என்றான். அவனுக்கு அந்தப் பேரில் ஒரு வருத்தமும் இல்லை, பாருங்கள். இருந்தால் சிரித்திருக்கமாட்டானே.

ஆமாம், சிரித்தான். லேசாக.

வியாழக்கிழமை போன் வந்தது. கொம்பையா அண்ணாச்சி. ஆறு மாசத்துக்கு அப்புறம். அவர் கீப்பர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டானாம். "ஏலே ஓட்டை, இருக்கியா செத்துட்டியா? வாலே. ஒன்ன ஏசாம எனக்கு வாய் புளிச்சிப் போச்சு. ஞாயித்துக்கெழம வரலன்னா வீட்டுக்கு வந்து ஒம் மாமனார் முன்னால ஏசுவேன்." அடக்கமாட்டாமல் சிரித்தேன் சார். எவ்வளவு நாளாயிற்று அப்படிச் சிரித்து. சண்முகக்கனி அடுப்பை விட்டு வந்து எட்டிப் பார்த்தாள். தர்ஷிகா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "யாருப்பா போன்ல?" என்றாள். "அண்ணாச்சிம்மா" என்றேன். பென்சிலைப் பெட்டியில் போட்டு, நோட்டை மூடிவைத்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மணி எட்டுகூட ஆகவில்லை. தூக்கம் வந்திருக்கும்.

சரி, போய்விடலாம் என்று முடிவு பண்ணினேன். தெரிந்த ஏச்சு. எப்போது நிற்க வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்று தெரியும். இங்கே ஒருத்தரும் ஒன்றும் சொல்லாமல், வாரை அவிழ்த்துவிட்டு, பையைப் பிடித்துக்கொண்டு... மனுஷனைக் களைப்பாக்குகிற வேலை சார் இது. அதான் ஜெர்சி.

கழுகுமலை வந்துவிட்டது. பத்து நிமிஷம் போடுவான் இங்கே. இறங்குகிறீர்களா? இறங்குங்கள், இறங்குங்கள், காலை நீட்டிவிட்டு வாருங்கள். உங்கள் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பையைத் தாண்டி யார் வந்து உட்காரப் போகிறார்கள்.

வந்துவிட்டீர்களா? மெதுவாக, படி வழுக்கும். ரெண்டு கப்பா? யாருக்கு?

எனக்கா?

ஐயோ, எதற்கு சார். நீங்கள் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை இல்லை, நீங்கள் எடுங்கள். நீங்கள்தானே குளிரில் இறங்கி...

முதலில் எனக்கா.

சார், ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் சும்மாத்தானே கொடுக்கிறீர்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறானே என்று. இல்லை, இவ்வளவு தூரம் நான் பேசினதைக் கேட்டுவிட்டு...

வேண்டாம். சொல்ல வேண்டாம் சார். சொல்லக் கூடாது.

உங்கள் கப்பைக் கீழே வைத்துவிட்டு, ரெண்டு கையாலும் நீட்டுகிறீர்களே.

கொஞ்சம் இருங்கள். ஹெல்மெட் போடுகிறவனுக்கு ஒரு தொந்தரவு, வேர்வை கண்ணில் இறங்கிவிடும். ராத்திரி தூக்கமும் இல்லையா, சும்மா எரிகிறது. அந்தப் பிள்ளை, கதவின் சம்சாரம். அது முந்தானையை வாயில் வைத்தது என்று சொன்னேன் அல்லவா? சிரிக்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்கள், இல்லையா சார்? என் மாமனாரும் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு அப்படித்தான், கொஞ்ச நேரம் வேறே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதை மறந்தே போனேன்.

'அவர் சிரிப்பார்' என்று எழுதினாளே பிள்ளை.

குடிக்கிறேன் சார். குடித்துவிடுகிறேன். ஆறிவிடும்.

நல்ல டீ. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறான். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், பரவாயில்லை.

கப்பைக் கொடுங்கள், நான் வெளியே போட்டுவிடுகிறேன். அந்தப் பேப்பர் பொட்டலத்தைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள் சார், பையில் மேலாக இருக்கிறது பாருங்கள். ஆமாம், ஜெர்சிதான். சட்டைக்கு மேலேயே போட்டுக்கொள்கிறேன், குளிருக்கும் ஆச்சு. இஸ்திரி கலைந்தால் கலையட்டும். அண்ணாச்சிக்குச் சாயங்காலம் ஒரு போன் போட வேண்டும். ஏசுவார். ஏசட்டும், போனில்தானே. இன்றைக்கு ஆட்டம் முடிந்து தூக்குச்சட்டி வந்தால் நான்தான் ஊற்ற வேண்டும். குடித்துவிட்டேனே. இங்கே குடித்தது அங்கே செல்லுமா என்று முப்பிடாதியைக் கேட்க வேண்டும். செல்லாது என்றால் அங்கேயும் ஒன்று குடித்துவிடுகிறேன், எனக்கென்ன.

இந்தா, விலக்கு வந்துவிட்டது. கண்டக்டர், செவல்கிணறு விலக்கு, கொஞ்சம் பார்த்து நிறுத்துங்கள், பெரிய பை இருக்கிறது.

சார், அங்கே பாருங்கள். புளியமரத்துக்குக் கீழே, டயருக்குப் பக்கத்தில். கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறானே, நீலச் சட்டை. அவன்தான். மூன்று வாரமும் இப்படித்தான் நின்றான், இன்றைக்கும் நிற்கிறான். பையை இந்தப் பக்கம் ஒரு கை தூக்கிவிடுங்கள் சார். போதும், போதும், இனி அவன் பிடித்துக்கொள்வான்.

எடிசா!

ஏ எடிசா, இங்கிட்டு! முன் வாசல்!

திரும்பிப் பார்க்கிறானா பாருங்கள். யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டான் போல. முதலில் 'ஏலே', அப்புறம் 'கதவு', அந்தப் பேரை நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லையே சார்.

எடிசா! ஒன்னத்தாம்பா!